ஒன்லைனில் படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயது. யாழ். பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் முடித்து, இங்கேயே அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். முதலில் மெடிக்கல் வார்ட், இப்போது டயாலிசிஸ் யூனிட். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயாளரைத் தானே பார்த்து மருந்தெழுதுகிற தாதியாக, வரவேண்டும் என்பது கன நாள் ஆசை. ரவுணில் உள்ள ஒரு ஏஜென்சியில், அமெரிக்க யூனிவர்சிற்றியின் மாஸ்டர்ஸை வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாம், முடித்த பிறகு விசா அலுவலைத் தாங்கள் பார்ப்போம் என்கிறார்கள். மூன்று யூனிவர்சிற்றிகளின் பெயரைத் தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறார்கள். முற்பணம் கட்டி, சான்றிதழ்களின் மூலப்பிரதிகளையும் கொடுத்துவிட்டேன். மிச்சக் காசுக்கு அப்பா தோட்டக்காணியை ஈடு வைக்க நிற்கிறார். இதற்குள் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு, மெல்பேணில் இருக்கும் மச்சாள் 'இங்கே வா' என்று தினமும் போன். இந்த மூன்று புரோகிராமில் எது நல்லது? வயது பிந்திவிட்டதா? — பெயர் வேண்டாம், கோண்டாவில்.

பதில்:

தங்கச்சி, இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். காணி உறுதியை அப்பா அலுமாரிக்குள்ளேயே வைத்திருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய மூன்று பெயர்களையும் இருந்து தேடிப் பார்த்தேன். மூன்றும் உண்மையான பல்கலைக்கழகங்கள்தான், அங்கீகாரமும் இருக்கிறது, ஆகவே ஏஜென்சி உங்களுக்குப் பொய்யான பெயர் எதையும் தரவில்லை. ஆனால் மூன்றின் அனுமதி விதிகளிலும் ஒரே ஒரு வரி பொதுவாக இருக்கிறது: விண்ணப்பிப்பவர் அமெரிக்காவில் செல்லுபடியாகும் பதிவுத் தாதி லைசென்ஸ், அதாவது ஆர்.என். லைசென்ஸ், வைத்திருக்க வேண்டும். இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு அதற்கு ஈடாகாது. இந்த லைசென்ஸ் இல்லாமல் உங்களுக்கு அனுமதி கிடைக்காது. எப்படியோ வகுப்பில் சேர்த்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள், ஏனென்றால் படிப்பின் பின்பாதி முழுக்க நோயாளரைப் பார்க்கிற கிளினிக்கல் மணித்தியாலங்கள். 'ஒன்லைன்' என்பது பாடங்களுக்கு மட்டும். நோயாளரை ஒன்லைனில் தொட்டுப் பார்க்க முடியாது, அந்த மணித்தியாலங்களை அமெரிக்காவில், உங்களுக்கு லைசென்ஸ் உள்ள மாநிலத்தில் செய்ய வேண்டும்.

அடுத்தது விசா. மாணவர் விசாவான எப்-1 எடுத்துப் போகிறவர் முழுநேர மாணவராக, நேரடி வகுப்பில் இருக்க வேண்டும். ஒரு தவணையில் ஒரேயொரு ஒன்லைன் பாடத்தைத்தான் அந்த முழுநேரக் கணக்கில் சேர்ப்பார்கள். முழுக்க ஒன்லைனான ஒரு புரோகிராமுக்கு அந்த விசா இல்லை. வீட்டிலிருந்து படித்து வாங்கிய பட்டத்தைக் காட்டி விசா கேட்கிற வழி என்று ஒன்றும் கிடையாது. 'பிறகு தாங்கள் பார்ப்போம்' என்று சொன்னவர் எந்த வகை விசாவைச் சொல்கிறார் என்று பெயரைக் கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

இங்கே கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இப்படியான கோப்புகளை அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் நான் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனராக வேலை செய்த காலத்தில் மாணவர்களைக் கிளினிக்கில் வைத்துப் பழக்கியும் இருக்கிறேன், அதனால் கோப்பு கையில் வந்ததும் முன்பக்கத்துப் படத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவேன். போன மாதம் ஒரு பிள்ளை கொண்டுவந்த வண்ணப் புத்தகத்தில் பளபளவென்று கட்டடம், புல்வெளி, சிரிக்கிற முகங்கள். கடைசிப் பக்கத்தில், கட்டண அட்டவணைக்கும் கீழே, எறும்பு போன எழுத்தில் 'பிரிசெப்டரைத் தேடிக்கொள்வது மாணவரின் பொறுப்பு' என்று இருந்தது. பிள்ளைக்குப் பிரிசெப்டர் என்றால் என்னவென்றே தெரியாது. ஏஜென்சியில் கேட்டாளாம், அது சும்மா ஒரு ஃபோர்ம் என்று சொன்னார்களாம். சும்மா ஃபோர்மா! அந்தப் படிப்பில் கழுத்தை நெரிக்கிற இடமே அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒழுங்கைச் சொல்கிறேன். புரோகிராம் தெரிவு செய்வது உங்களுக்கு மூன்றாவது அலுவல். முதலாவது, எந்த நாடு என்பது. இரண்டாவது, அந்த நாட்டில் பதிவுத் தாதியாகி வேலையில் நிற்பது. இந்த இரண்டும் முடிந்த பிறகு புரோகிராமைப் பற்றிக் கதைத்தால் கேள்வியே வேறு மாதிரி இருக்கும், காசுக் கணக்கும் வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்கா என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பட்டத்தையும் அதன் பாட மணித்தியாலங்களையும் அங்கே மதிப்பீடு செய்விக்க வேண்டும்: மருத்துவம், சத்திரசிகிச்சை, பிள்ளைகள், மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை மணித்தியாலம் வகுப்பு, எத்தனை மணித்தியாலம் வார்ட் என்று பிரித்துக் கேட்பார்கள். பிறகு ஒரு மாநிலத் தாதியர் சபைக்கு விண்ணப்பித்து, ஆர்.என். லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை. 2023 ஏப்ரலில் இருந்து அது புது வடிவம். ஒரே நோயாளரின் கதையை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து ஆறு கேள்விகள் கேட்கிற மாதிரி, குறைந்தது 85, கூடினால் 150 கேள்விகள், நீங்கள் விடையளிக்கிற விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். இந்தியாவிலேயே பரீட்சை நிலையங்கள் இருக்கின்றன, அமெரிக்காவுக்குப் பறக்கத் தேவையில்லை. ஆங்கிலப் பரீட்சை வேறாக. பிறகு உங்களை வேலைக்கு எடுக்கிற வைத்தியசாலை ஒன்று நிரந்தர வதிவிட விசாவுக்கு மனுப் போடும். தாதியர் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் இருப்பதால் ஒரு படி அங்கே குறைவு, ஆனாலும் விசாத் திகதிக்காகக் காத்திருக்கிற காலம் இருக்கிறது, அது வருடக்கணக்கில் நீளக்கூடும். இதில் யாரும் உங்களுக்குத் திகதி சொல்ல முடியாது. சொன்னால் அவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

'அவ்வளவு காலமா?' என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தக் காலத்தில் நீங்கள் வேலை செய்து சம்பளம் எடுக்கிறீர்கள், காணி உங்களுடையதாகவே இருக்கிறது. அங்கே போய் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பகுதிநேரமாகப் படித்தால், பல வைத்தியசாலைகள் படிப்புக் கட்டணத்துக்கு உதவி செய்யும். அப்படித் தருகிற காசில் வருடத்துக்கு 5,250 டொலர் வரை வருமான வரியும் இல்லை. மாநிலத்தில் வசிப்பவருக்கு அரச பல்கலைக்கழகங்களில் கட்டணமும் குறைவு. இதெல்லாம் கோண்டாவிலில் இருந்துகொண்டு காணியை ஈடு வைத்துக் கட்டுகிறவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று, இது கொஞ்சம் வயித்தெரிச்சலோடு சொல்வது: தாதி வேலை அனுபவம் இல்லாமலே நேராக என்.பி.க்கு, அதாவது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு, போகலாம் என்று விளம்பரம் செய்கிற இடங்கள் அங்கே இருக்கின்றன. சட்டப்படி பிழை இல்லை. ஆனால் உங்களுக்கு வார்ட்டிலும் டயாலிசிஸிலும் கை பழகியிருக்கிறது, ஒருவர் மெஷினில் இருக்கும்போது முகம் மாறுவதை வைத்தே பிறெஷர் விழப்போகிறது என்று உங்களுக்கு விளங்கும். அதை இங்கே விட்டுவிட்டுக் காகிதத்தோடு போகாதீர்கள். அங்கேயும் ஒன்றிரண்டு வருடம் தாதியாக நின்றுவிட்டுப் படியுங்கள். அந்த நாட்டு மருந்துப் பெயர்கள், காப்புறுதிக் கூத்துகள், நோயாளர் கதைக்கிற ஆங்கிலம், எல்லாம் அப்போதுதான் காதில் ஏறும்.

சரி, அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்து, புரோகிராமை எப்படிப் பார்ப்பது?

அங்கே பொதுவான என்.பி. என்று ஒருவர் இல்லை. படிக்கச் சேரும்போதே ஒரு பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும்: குடும்பம், பெரியவர்களும் முதியவர்களும், பிள்ளைகள், புதிதாகப் பிறந்த குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளே மறுபடியும் இரண்டு கிளை, கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கிற ஆரம்ப சிகிச்சை, வைத்தியசாலைக்குள் பார்க்கிற தீவிர சிகிச்சை. பட்டம், தேசிய சான்றிதழ்ப் பரீட்சை, மாநில லைசென்ஸ் மூன்றும் நீங்கள் எடுத்த பிரிவின் பெயரில்தான் வரும். பிறகு மாறவேண்டுமென்றால் முதுகலைக்குப் பிந்திய சான்றிதழ் என்று இன்னொரு படிப்பு, இன்னொரு கட்டு மணித்தியாலங்கள், இன்னொரு பரீட்சை.

ஏஜென்சி உங்களுக்கு எப்.என்.பி.யைத்தான், குடும்பப் பிரிவைத்தான், சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், ஆட்கள் கூடச் சேர்கிற பிரிவு அது, 'எந்த வேலைக்கும் போகலாம்' என்கிற கதையும் அதைச் சுற்றித்தான். அது பாதி உண்மை. குடும்பப் பிரிவில் கைக்குழந்தையில் இருந்து கிழவர் வரை பார்க்கப் பழக்குவார்கள், ஆனால் கிளினிக்கில். தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாச இயந்திரத்தோடு கிடக்கிறவரைப் பார்க்க அந்தப் படிப்பு ஆளை ஆயத்தம் செய்வதில்லை, நல்ல வைத்தியசாலைகள் அந்த வேலைக்குப் பெரியவர்-முதியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படித்தவரைத்தான் கேட்கும்.

உங்கள் விசயத்தில் நான் கேட்பது இதுதான்: பிள்ளைகளைப் பார்க்க விருப்பமா? கர்ப்பிணிகளை? இல்லை, சிறுநீரக வருத்தக்காரரோடுதான் நிற்க விருப்பமா? அங்கே பல டயாலிசிஸ் யூனிட்டுகளில் சிறுநீரக வைத்திய நிபுணரோடு சேர்ந்து மாதத்தில் பல தடவை கதிரை கதிரையாய்ப் போய் நோயாளரைப் பார்த்து, உலர் எடையை, அதாவது உடம்பில் மேலதிக நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடையை, மாற்றி, ஹீமோகுளோபின் பார்த்து, பொஸ்பரஸ் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறவர் என்.பி.தான். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் இருந்து நேராக நடந்து போகக்கூடிய வேலை அது. அதுதான் விருப்பம் என்றால் பிள்ளைகள், மகப்பேறு என்று நூற்றுக்கணக்கான மணித்தியாலம் செலவழிக்கத் தேவையில்லை, பெரியவர்-முதியவர் பிரிவு போதும். அதற்குள் கிளினிக்கா வார்டா என்பதை, எந்த ஷிப்ட் முடிந்து வரும்போது மனம் நிறைவாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். எனக்குக் கிளினிக். ஒருவரையே ஐந்து வருடம் பார்த்து, அவர் சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு பேரப்பிள்ளையோடு வந்து நிற்பதில் எனக்கொரு ருசி. என் சிநேகிதி ஒருத்திக்கு அது அலுப்பு, அவளுக்கு ஐ.சி.யூ.வின் அலார்ம் சத்தம் வேண்டும்.

இனி அந்தப் பிரிசெப்டர் விசயம். கிளினிக்கல் காலத்தில் உங்களைத் தன்னோடு வைத்து, தன் நோயாளரைப் பார்க்கவிட்டு, பக்கத்தில் நின்று திருத்துகிற என்.பி. அல்லது டொக்டர்தான் பிரிசெப்டர். 2022இல் வந்த தேசிய தரநிர்ணயப்படி என்.பி. படிப்பில் குறைந்தது 750 மணித்தியாலம் நோயாளரை நேரில் பார்த்திருக்க வேண்டும்; அதற்கு முன்னர் 500 என்று இருந்தது. அந்த 750 மணித்தியாலத்தில்தான் நீங்கள் என்.பி. ஆகிறீர்கள், மற்றதெல்லாம் புத்தகம்.

எப்படி என்றால், தாய் ஒருத்தி மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுவருகிறாள். இரவு முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுகையாம், லேசான காய்ச்சல். பிரிசெப்டர் வெளியே நிற்பார், நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை கத்துகிறது, தாயின் மடியில் இருத்தி ஒரு கையால் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டு காது பார்க்கிற கருவியை உள்ளே விட்டால் செவிப்பறை சிவப்பு. சிவப்பு என்றால் கிருமியா? அழுகிற பிள்ளைக்குச் சும்மாவே சிவக்கும். வெளியே பொம்மிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அதைப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு செக்கன். வெளியே வந்து பிரிசெப்டரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லவேண்டும். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: 'நீர் என்ன செய்யப் போகிறீர்?' அன்ரிபயோட்டிக் இப்போதே கொடுப்பதா, இல்லை வலிக்கு மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்ப்பதா, கொடுத்தால் எடைக்கு எவ்வளவு, தாய்க்கு எதைச் சொல்லி அனுப்புவது. பி.எச்.ரி.யில், அதாவது வார்ட்டில் நோயாளரின் குறிப்பேட்டில், டொக்டர் எழுதியதைச் சரியாகச் செய்து பழகிய எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில் வாய் அடைத்துவிடும். செய்யத் தெரியாமல் அடைப்பதில்லை. முடிவைத் தான் சொல்லிப் பழக்கம் இல்லாததால். அந்த அடைப்பைத் திறந்துவிடுகிறவர் நல்ல பிரிசெப்டர். அவசரத்தில் உங்களை ஒரு மூலையில் நிற்கவிட்டு, பின்னேரம் மணித்தியாலப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைக்கிறவரும் பிரிசெப்டர்தான். இரண்டுக்கும் கட்டணம் ஒன்று.

அதனால்தான் கேட்கிறேன், அந்த ஆளை யார் தேடித்தருகிறார்கள்? சில பல்கலைக்கழகங்கள் தாங்களே இடமும் ஆளும் ஒழுங்கு செய்யும். சில, பட்டியல் ஒன்றைத் தந்து 'போன் பண்ணிப் பார்' என்று விடும். சில, அதுவுமில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே கிளினிக் கிளினிக்காக மின்னஞ்சல் போட்டு, யாரும் ஏற்காமல் ஒரு தவணை பிந்துகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு பிரிசெப்டர் பிடித்துத் தருகிற கம்பனிகளே அங்கே இருக்கின்றன என்றால் பாருங்கள். ஆள் தெரியாத ஊருக்குப் புதிதாய்ப் போன உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால், பெயர் சின்னதாக இருந்தாலும் இடத்தைத் தானே ஒழுங்கு செய்து, ஆசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்த்துப் போகிற புரோகிராமைத்தான் எடுப்பேன், பெயர் பெரிதான ஒன்றை விட. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். தாதியர் புரோகிராமுக்கு சி.சி.என்.ஈ. அல்லது ஏ.சி.ஈ.என். போன்ற தாதியர் கல்வி அங்கீகாரம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இருக்கிற பொது அங்கீகாரம் போதாது. அது இல்லாவிட்டால் தேசிய சான்றிதழ்ப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். அந்த அமைப்புகளின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள், புரோகிராமின் விளம்பரத்தில் வேண்டாம். அந்தப் புரோகிராமில் படித்தவர்கள் முதல் தடவையிலேயே பரீட்சையில் சித்தியடைகிற வீதத்தைக் கேளுங்கள், ஒரு நல்ல வருடத்தை மட்டும் காட்டுவார்கள், நான்கைந்து வருடம் கேளுங்கள். எந்தெந்த மாநிலத்தின் லைசென்ஸ் விதிகளுக்குத் தங்கள் படிப்புப் பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று அங்கே மத்திய அரசின் விதி இருக்கிறது, அந்தப் பக்கத்தையும் பாருங்கள். எம்.எஸ்.என். எனும் மாஸ்டர்ஸா, டி.என்.பி. எனும் கலாநிதிப் பட்டமா என்று குழம்ப வேண்டாம்: டி.என்.பி.யைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2004இல் இருந்து கதைக்கிறார்கள், ஆனால் என்.பி. லைசென்ஸுக்கு மாஸ்டர்ஸ் இன்றும் போதும். படிப்பிக்கிற ஆசையோ நிர்வாக ஆசையோ இருந்தால் பிறகு பார்க்கலாம்.

மாநிலம் முக்கியம். வொஷிங்டன், ஓரிகன், அரிசோனா போன்ற மாநிலங்களில் என்.பி. தன் லைசென்ஸிலேயே நோயாளரைப் பார்த்து மருந்தெழுதலாம். டெக்சாஸில் டொக்டர் ஒருவரோடு எழுத்தில் உடன்படிக்கை இல்லாமல் மருந்தெழுத முடியாது. இரண்டிலும் நன்றாக வேலை செய்கிறார்கள், நன்றாக உழைக்கிறார்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது ஸ்காபரோ. சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எந்த நாட்டு லைசென்ஸ் எடுப்பாள் என்பதைக் கனக்க இடத்தில் தரகர்தான் முடிவு செய்கிறார். அந்தப் பேச்சில் உங்களுக்கும் விருப்பம் என்றால், அமெரிக்கப் புரோகிராம் பற்றிய கதையை அப்படியே நிப்பாட்டுங்கள். ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவுத் தாதியாக அங்கத்தைய தாதியர் கல்லூரியில் பதிய வேண்டும், அது படிக்கிற கல்லூரி இல்லை, பதிவுச் சபை. பரீட்சை அங்கேயும் என்கிளெக்ஸ்தான், கனடாவில் 2015இல் இருந்து அதுதான், ஆகவே படித்தது வீண்போகாது. ஒன்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பாடத்திட்டத்தில் ஆரம்ப சிகிச்சை என்.பி. படிப்பை நடத்துகின்றன, அதற்குச் சேர, கடந்த ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருட முழுநேர வேலைக்கு ஈடான அனுபவம், 3,640 மணித்தியாலம் என்று கணக்குச் சொல்வார்கள், காட்ட வேண்டும். 2007இல் சட்பரியில் தொடங்கி, என்.பி.மாரே தலைமை தாங்கி நடத்துகிற கிளினிக்குகள் அந்த மாகாணத்தில் இருக்கின்றன. நல்ல இடம். மாப்பிள்ளையிடம் ஒன்றை மட்டும் முதலே கேட்டுவிடுங்கள்: வந்த பிறகு பரீட்சை, வேலை, படிப்பு என்று சில வருடம் போகும், சம்மதமா என்று. சம்மதம் என்று மாமியும் சொல்ல வேண்டும்.

மெல்பேண் மச்சாள் சொல்வதையும் தட்டிவிடாதீர்கள். சிறுநீரகத்தோடு நிற்க விருப்பம் என்றால் எனக்கு அவுஸ்திரேலியாவில்தான் கண் போகிறது. அங்கே என்.பி. என்பது சட்டம் காத்து நிற்கிற பட்டம், மாஸ்டர்ஸை முடித்தால் மட்டும் கிடைக்காது. கடந்த ஆறு வருடத்துக்குள் உயர்நிலைத் தாதியாக 5,000 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், அந்த மாஸ்டர்ஸில் சேரவே உங்கள் துறையில் சில வருட அனுபவம் கேட்பார்கள். அதாவது ஒரே துறையில் ஊறி நிற்கிறவரை மதிக்கிற முறை அது, நீங்களோ டயாலிசிஸில் நிற்கிறீர்கள், சிறுநீரகத் துறையில் என்.பி.மார் அங்கே இருக்கிறார்கள். பதிவுத் தாதியாவதற்கு அங்கேயும் என்கிளெக்ஸ், பிறகு அடிலெய்டில் செய்முறைப் பரீட்சை.

இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அங்கே அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிராக்டிஷனர் என்று இதைப்போன்ற ஒரு பதவிக்கு மாஸ்டர்ஸ் இருக்கிறது, வைத்தியசாலையே பயிற்சி இடம் தந்து படிப்பிக்கும், மருந்தெழுதத் தனிப் படிப்பு. போனால் அங்கே வேலைக்குச் சேர்ந்து அதற்குள்ளால் போங்கள், வெளியே காசு கட்டிப் படிக்க வேண்டாம்.

படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற யோசனை இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும்: இலங்கையில் இந்தப் பதவியே இல்லை. எந்த நாட்டு என்.பி. பட்டத்தோடு வந்தாலும் இங்கே நீங்கள் தாதிய உத்தியோகத்தர்தான், மருந்தெழுத முடியாது. நான் ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஐயா, 'நர்ஸ் மிஸியும் மருந்தெழுதலாமோ' என்று ஆச்சரியப்பட்டார். அவரே சின்ன வயதில் அப்போதிக்கரி, அதாவது அந்தக் கால உதவி வைத்தியர், எழுதிய துண்டோடு போய்க் கலவை மருந்து போத்தலில் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்! டொக்டர் எட்டாத இடத்தில் பழகிய ஒருவர் பார்த்து மருந்தெழுதுவது எங்களுக்குப் புதிதில்லை. கொலராடோவில் 1965இல் லொரெட்டா ஃபோர்ட் என்கிற தாதியும் ஹென்றி சில்வர் என்கிற பிள்ளை வைத்தியரும் முதல் என்.பி. படிப்பைத் தொடங்கியதும் இப்படித்தான், டொக்டர் கிடைக்காத பிள்ளைகளுக்காக. இங்கே ஒரு நாள் வரலாம், அந்த நாளை நம்பிக் காசு கட்ட முடியாது.

வயது 29 ஒரு வயதே இல்லை. என்னோடு படித்தவர்களில் பேரப்பிள்ளை கண்டவரும் இருந்தார்.

இப்போது செய்யவேண்டியது: வேலையை விடாதீர்கள், அண்மைக்கால அனுபவத்தைத்தான் எல்லா நாடும் கேட்கும். பல்கலைக்கழகத்தில் பாடவாரியாக வகுப்பு, வார்ட் மணித்தியாலம் போட்ட கடிதத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள், அது எந்த நாட்டுக்கும் தேவைப்படும், கிடைக்கக் காலமும் எடுக்கும். இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் என்கிளெக்ஸ் கேள்விகளைத் தொடங்குங்கள், அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா மூன்றுக்கும் அது ஒன்றுதான், நாட்டை முடிவெடுக்காமலே தொடங்கலாம்.

அதற்கு முதல் ஒன்று. உங்கள் மூலச் சான்றிதழ்கள் ஏஜென்சியில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் மூலப்பிரதியை ஏஜென்சி லாச்சிக்குள் வைத்திருக்கச் சொல்வதில்லை. நாளைக்கு டியூட்டி முடிந்ததும் அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய், முதலில் அவற்றைக் கையில் வாங்குங்கள், ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். முற்பணத்தை அதற்குப் பிறகு, பற்றுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். முதலில் காசைக் கேட்டால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு கதைப்பார்கள்.